மணி அடிச்சா வந்துடறேன், அத்தை!

போன இதழில் வெயில் காலத்து வடகத்தைப் பற்றி எழுதியவள், இந்த இதழில் ஒயர், விளக்கு, கம்ப்யூட்டர் என்று ஆரம்பித்தால், "இவளுக்கு என்ன ஆச்சு?" என்று கேட்பீர்கள். கேளுங்கள், சொல்கிறேன்.

எங்கள் அத்தைக்கு, அதாவது என் மாமியாருக்கு, போன வருஷம் பக்கவாதம் வந்தது. பிழைத்துக்கொண்டார்கள். ஆனால் வலது கையும் காலும் பழையபடி வரவில்லை. குரலும் தேய்ந்துவிட்டது. படுக்கை பின்கட்டு அறையில். நாங்கள் படுப்பது வாசல் பக்கத்து அறையில். பகலில் நான் போய்வந்துகொண்டே இருப்பதால் கவலையில்லை. ராத்திரிக்கு மட்டும் ஓர் எவர்சில்வர் தம்ளரையும் ஸ்பூனையும் தலைமாட்டில் வைத்திருந்தோம். வேண்டுமென்றால் தட்டுவார்கள், நான் எழுந்து போவேன்.

ஒரு நாள் விடியற்காலை போய்ப் பார்த்தால், தம்ளர் கட்டிலுக்கு அடியில் உருண்டு கிடக்கிறது. அத்தை நனைந்த புடவையோடு கண் விழித்துப் படுத்திருக்கிறார்கள். "ஏன் அத்தை, கூப்பிட்டிருக்கலாமே?" என்றேன். "கூப்பிட்டேனேம்மா" என்றார்கள். அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. கோபித்துக்கொண்டிருந்தால்கூட எனக்கு ஆறியிருக்கும்.

அன்றைக்கே இவர் கடையில் ஒயர் இல்லாத அழைப்பு மணி ஒன்று வாங்கிவந்தார். பொத்தானை அமுக்கினால் ஒரு பாட்டுப் பாடும், அவ்வளவுதான். நல்ல தூக்கத்தில் அந்தப் பாட்டு என் காதில் விழவில்லை. திரும்பத் திரும்ப அமுக்க அத்தையின் இடது கைக்கு வலு போதவில்லை. எனக்கு வேண்டியது வேறு. ஒரே ஒரு முறை, லேசாகத் தொட்டால் போதும். நான் எழுந்து போய் அத்தையின் கட்டிலருகே நின்று அணைக்கும்வரை அது விடாமல் அடிக்க வேண்டும். தெருமுனை எலெக்ட்ரீஷியன் தம்பியைக் கேட்டேன். "அப்படி ரெடிமேடா நான் பார்த்ததில்லையேக்கா" என்றார்.

இரண்டாம் வருஷம் இன்ஜினீயரிங் படிக்கும் என் பெண் ஹாஸ்டலிலிருந்து போனில் பேசும்போது இதைச் சொன்னேன். "அம்மா, பரண்ல என்னோட ஆர்டுயினோ கிட் இருக்கு பாரு. அதுல இது சுலபம்மா. நீயே செய்யலாம்" என்றாள்.

"நானா? பிளஸ் டூவில் பிசிக்ஸ் எடுக்காதவடி நான்!"

"உனக்குப் பிசிக்ஸ் வேண்டாம், பொறுமை இருந்தாப் போதும்" என்றாள். பொறுமைக்கு நம் வீடுகளில் என்ன குறைச்சல்! பரணில் ஏறினேன்.

பெட்டிக்குள்ளே என்ன?

ஆர்டுயினோ என்பது உள்ளங்கை அகலத்தில் ஒரு நீலநிறப் பலகை. அதன் நடுவே மரவட்டை மாதிரி 28 கால்களோடு ஒரு கறுப்புச் சில்லு. இதுதான் மைக்ரோகன்ட்ரோலர். எங்கள் பலகையில் இருப்பது 'ஏ.டி.மெகா 328 பி' என்ற ரகம். நாம் எழுதும் கட்டளைகளை மனப்பாடம் செய்துகொண்டு, கரண்ட் வந்ததும் அதையே திரும்பத் திரும்பச் செய்யும். சினிமா காட்டாது, பாட்டுக் கேட்காது. இப்போதைய செல்போனோடு பார்த்தால் நினைவாற்றல் கடுகத்தனைதான்: மொத்தமே 32 கிலோபைட். ஆனால் துடிப்பு மட்டும் ஒரு விநாடிக்கு ஒரு கோடியே அறுபது லட்சம்! நம் காரியத்துக்கு இது தாராளம்.

இது பிறந்த கதையும் சுவாரசியமானது. 2005-ஆம் ஆண்டு இத்தாலியில் இவ்ரியா என்ற சின்ன ஊரில், வடிவமைப்புப் படிக்கும் மாணவர்களுக்காக மாசிமோ பான்ஸி என்ற ஆசிரியரும் அவருடைய கூட்டாளிகளும் உருவாக்கியது. எலெக்ட்ரானிக்ஸ் படிக்காதவர்களும் கையாள வேண்டும் என்பதுதான் நோக்கமே. அவர்கள் கூடிப் பேசும் மதுக்கடைக்கு, ஆயிரம் வருஷத்துக்கு முன்னே அங்கே ஆண்ட ஆர்டுயின் என்ற ராஜாவின் பெயர். அதையே பலகைக்கும் வைத்துவிட்டார்கள்! 2010-இல் வந்த 'ஊனோ' என்ற மாதிரிதான் ஆரம்பப் பாடம் படிப்பவர்களிடம் அதிகம் புழங்குகிறது. ஊனோ என்றால் இத்தாலிய மொழியில் 'ஒன்று'. வரைபடத்தை ஒளிக்காமல் எல்லோருக்கும் கொடுத்துவிட்டதால், வேறு பலரும் இதே மாதிரி பலகைகளைச் செய்து விற்கிறார்கள். சென்னை ரிச்சி தெருவில் என் பெண் வாங்கியதும் அப்படி ஒன்றுதான்.

பலகையின் ஓரங்களில் வரிசையாகத் துளைகள். ஒரு பக்கம் 0 முதல் 13 வரை எண் போட்ட 14 துளைகள். இவை 'பின்' எனப்படும். இவற்றின் வழியேதான் சில்லு வெளியுலகத்தைப் பார்க்கிறது, வெளியுலகத்துக்குச் சொல்கிறது. 0, 1 இரண்டும் கம்ப்யூட்டரோடு பேசுவதற்கானவை என்பதால் நாம் தொடாமலிருப்பது நல்லது. எதிர்ப்பக்கம் '5 வோல்ட்' என்று ஒரு துளையும், 'கிரவுண்ட்' என்று இரண்டு மூன்று துளைகளும் உண்டு. கரண்ட் 5 வோல்ட்டில் புறப்பட்டு, நம் சாமான்கள் வழியே போய், கிரவுண்டில் வந்து சேர வேண்டும். வட்டம் எங்கே அறுந்தாலும் வேலை நடக்காது.

அழைப்பு மணிக்குத் தேவையானவை

ஊனோ பலகை - 1
பிரெட்போர்டு - 1
சிவப்பு எல்.இ.டி. விளக்கு - 1
220 ஓம் ரெசிஸ்டர் - 1
1000 ஓம் ரெசிஸ்டர் - 1
ஆக்டிவ் பஸ்ஸர் - 1
ஜம்பர் ஒயர்கள் - பத்துப் பன்னிரண்டு
கிட்டிலுள்ள சின்னப் பொத்தான்கள் - 2 (பழகிப் பார்க்க)
வாசல் மணிக்குப் போடும் பெல் சுவிட்ச் - 2 (எலெக்ட்ரிகல் கடையில்)
மூன்று இழை மெல்லிய ஒயர் - அறைகளின் தூரத்துக்குத் தக்கபடி
யு.எஸ்.பி. கேபிள், பழைய லேப்டாப், செல்போன் சார்ஜர்

பற்றவைக்கும் வேலையே கிடையாது. எல்லாம் பிரெட்போர்டில் செருகுவதுதான். அந்தக் காலத்தில் ரொட்டி நறுக்கும் பலகையில் ஆணி அடித்து ஒயர் சுற்றிப் பார்ப்பார்களாம். அதனால் அந்தப் பெயர். இப்போது வருவது புள்ளிக்கோலம் மாதிரி துளைகள் நிறைந்த பிளாஸ்டிக் பலகை. நடுவில் ஒரு வாய்க்கால். வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் குறுக்கே ஐந்து புள்ளிகள், அந்தப் பக்கம் ஐந்து புள்ளிகள். ஒவ்வோர் ஐந்தும் உள்ளுக்குள் ஒன்றோடு ஒன்று இணைந்தவை. ஒரே ஐந்தில் இரண்டு ஒயரைச் செருகினால் இரண்டும் சேர்ந்துவிட்டன என்று அர்த்தம். பக்கவாட்டில் நீளமாகப் போகும் சிவப்பு, நீலக் கோடுகள் கரண்டுக்கும் கிரவுண்டுக்கும். கோலம் போடத் தெரிந்த நமக்கு இது அரை மணி நேரத்தில் பிடிபட்டுவிடும்.

ரெசிஸ்டரில் அளவு எழுதியிருக்காது. நிறப்பட்டைகளைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். நான்கு பட்டை ரகத்தில் சிவப்பு, சிவப்பு, பழுப்பு என்றால் 220 ஓம். பழுப்பு, கறுப்பு, சிவப்பு என்றால் 1000. கடைசியில் வரும் தங்கப்பட்டையைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். எல்.இ.டி.க்கு இரண்டு கால், ஒன்று நீளம், ஒன்று குட்டை. நீளமான கால் கரண்ட் வரும் பக்கம், குட்டைக் கால் கிரவுண்ட் பக்கம். மாற்றிச் செருகினால் எரியாது. ரெசிஸ்டர் இல்லாமல் நேராகச் செருகினால் அளவுக்கு மேல் கரண்ட் பாய்ந்து விளக்கும் கெடும், பின்னும் கெடலாம்.

பஸ்ஸர் அநேகமாக இரண்டு ரகம் இருக்கும். ஆக்டிவ் என்பது கரண்ட் கொடுத்ததுமே 'பீ...' என்று கத்தும். மற்றது, எந்த ஸ்வரம் என்று சொல்லிக் கொடுத்தால்தான் பாடும். அடிப்பக்கம் பச்சைப் பலகை தெரிந்தால் அநேகமாக அது இரண்டாவது ரகம். நமக்கு வேண்டியது முதலாவது.

முதல் நாள்: ஒன்றுமே நடக்கவில்லை

லேப்டாப்பில் ஆர்டுயினோ மென்பொருளை இறக்கிக்கொள்ள வேண்டும். காசு கிடையாது. அதைத் திறந்து 'டூல்ஸ்' என்ற இடத்தில் இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். ஒன்று 'போர்டு', அதாவது எந்த ரகப் பலகை. இன்னொன்று 'போர்ட்', அதாவது கம்ப்யூட்டரின் எந்த வாசலில் செருகியிருக்கிறோம். இரண்டும் காதுக்கு ஒன்று போலவே கேட்டு, போனில் நானும் பெண்ணும் பட்ட பாடு! 'போர்டு' பட்டியலில் ஊனோ இருந்தது. 'போர்ட்' பட்டியலில் ஒன்றுமே வரவில்லை.

சாயங்காலம் ஆறு மணிக்கு ஆரம்பித்தது, ஒன்பதரைக்கும் அதே கதை. பலகையில் பச்சை விளக்கு எரிகிறது, ஆனால் கம்ப்யூட்டர் மட்டும் 'யாரும் வரவில்லை' என்கிறது. இவர் எட்டிப் பார்த்து, "பழசுதானே, கெட்டுப்போயிருக்கும். புதுசா வாங்கிடலாமா?" என்றார். எனக்கும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. என் பெண் மட்டும் நிதானமாக, "கேபிளைப் போட்டோ எடுத்து அனுப்பும்மா" என்றாள். பார்த்ததும் சிரித்துவிட்டாள். நான் எடுத்தது ஏதோ டார்ச் விளக்குக்குக் கூட வந்த கேபிள். சில கேபிள்களில் சார்ஜ் ஏற்றும் இரண்டு கம்பி மட்டுமே இருக்குமாம். தகவல் போகும் கம்பி இருக்காதாம். கிட்டோடு வந்த கேபிளைப் பரணில் தேடி எடுத்துச் செருகியதும், போர்ட் தானாக வந்து நின்றது!

அன்று கற்றுக்கொண்டது ஒன்று. விளக்கு எரிகிறது என்பதற்காக எல்லாம் சரி என்று நினைக்கக்கூடாது. 'கெட்டுவிட்டது' என்று தூக்கிப் போடுவதற்கு முன் ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்க வேண்டும், ஒரு சமயத்தில் ஒன்றே ஒன்றை. கேபிளை மாற்றியும் வரவில்லையென்றால், சில பலகைகளுக்கு 'சி.எச். 340' என்ற சில்லுக்கான டிரைவரைத் தனியாகப் போட வேண்டியிருக்கும். அதையும் பார்த்துவிடுங்கள்.

விளக்கு கண்சிமிட்டியது

முதல் பாடம் எல்லோருக்கும் ஒன்றுதான். 'ஃபைல்', 'எக்ஸாம்பிள்ஸ்', 'பேசிக்ஸ்', 'பிளிங்க்' என்று வரிசையாகப் போனால், எழுதித் தயாராக ஒரு நிரல் இருக்கும். நிரல் என்பது கட்டளை வரிசை, நம் சமையல் குறிப்பு மாதிரி. இதில் இரண்டு பாகம். முதல் பாகத்தின் பெயர் 'செட்டப்': அடுப்பைப் பற்றவைத்து, வாணலியை வைப்பது போல, ஒரே ஒரு தரம் நடக்கும். இரண்டாவது 'லூப்': கிளறிக்கொண்டே இருப்பது போல, கரண்ட் இருக்கும்வரை சுற்றிச் சுற்றி நடக்கும்.

பிளிங்க் சொல்வது இவ்வளவே: 13-ஆம் பின்னுக்குக் கரண்ட் கொடு, 1000 வரை பொறு, கரண்டை நிறுத்து, 1000 வரை பொறு. ஆயிரம் என்பது ஆயிரம் மில்லி விநாடி, அதாவது ஒரு விநாடி. பலகையிலேயே 13-ஆம் பின்னோடு ஒரு குட்டி விளக்கு சேர்ந்திருப்பதால், தனி ஒயர்கூட வேண்டாம். மேலே 'டிக்' குறியை அமுக்கினால் பிழை பார்க்கும், அம்புக்குறியை அமுக்கினால் பலகைக்கு அனுப்பும்.

பல பலகைகளில் இந்த நிரலை முன்பே போட்டு அனுப்புவதால், செருகியதுமே விளக்கு சிமிட்டும். நாம் அனுப்பியது போனதா என்று எப்படித் தெரியும்? இரண்டு ஆயிரத்தையும் நூறாக மாற்றி அனுப்பிப் பாருங்கள். நான் மாற்றினேன். விளக்கு படபடவென்று சிமிட்டியது. என் சொல்லைக் கேட்டு ஓர் இயந்திரம் நடக்கிறது! நாற்பத்து நான்கு வயதில் குழந்தை மாதிரி கைதட்டினேன், போங்கள்.

ஆனால் இது சொன்னதைத்தான் செய்யும், நினைத்ததைச் செய்யாது. ஒவ்வொரு கட்டளை முடிவிலும் அரைப்புள்ளி வைக்க வேண்டும். ஒன்றை மறந்தால் சிவப்பில் திட்டும். அதிலும் ஒரு வேடிக்கை: தப்பு மூன்றாவது வரியில் இருந்தால் நான்காவது வரியைக் காட்டும். ஆகவே அது காட்டும் வரிக்கு மேல் வரியையும் பாருங்கள். 'டிஜிட்டல்ரைட்' என்ற கட்டளையில் 'ரைட்' ஆரம்பிக்கும் இடத்தில் பெரிய எழுத்து வேண்டும். சின்ன எழுத்தாகப் போட்டால் 'அப்படி ஒருவரைத் தெரியாது' என்றுவிடும். ஒரு நாள் முழுக்க இந்த ஓர் எழுத்தோடு மல்லுக்கு நின்றிருக்கிறேன்.

அழைப்பு மணி: செய்முறை

விளக்கின் நீளக் காலை 12-ஆம் பின்னுக்கும், குட்டைக் காலை 220 ஓம் ரெசிஸ்டர் வழியாகக் கிரவுண்டுக்கும் இணையுங்கள். பஸ்ஸரின் கூட்டல் குறிப் பக்கத்தை 8-ஆம் பின்னுக்கும், மற்றதைக் கிரவுண்டுக்கும் இணையுங்கள். அழைக்கும் பொத்தானின் ஒரு முனை 2-ஆம் பின்னுக்கு, மறு முனை கிரவுண்டுக்கு. 'வந்துட்டேன்' பொத்தானின் ஒரு முனை 3-ஆம் பின்னுக்கு, மறு முனை கிரவுண்டுக்கு.

கிட்டிலுள்ள சின்னப் பொத்தானுக்கு நான்கு கால். இரண்டிரண்டு கால் உள்ளுக்குள்ளேயே சேர்ந்தவை. பிரெட்போர்டின் வாய்க்காலுக்குக் குறுக்கே கால் பரப்பி நிற்க வேண்டும். திருப்பி வைத்துவிட்டால் அமுக்காமலே அமுக்கினது போலாகிவிடும்.

'செட்டப்' பாகத்தில் 8, 12 இரண்டும் 'அவுட்புட்' என்றும், 2, 3 இரண்டும் 'இன்புட் புல்லப்' என்றும் சொல்ல வேண்டும். புல்லப் என்றால், பொத்தானைத் தொடாதபோது அந்தப் பின்னைச் சில்லே 5 வோல்ட்டில் தூக்கிப் பிடித்துக்கொள்ளும். அமுக்கினால் கிரவுண்டோடு சேர்ந்து பூஜ்யமாகும். ஆகவே அமுக்கினால் 'லோ', விட்டால் 'ஹை'. நம் நினைப்புக்குத் தலைகீழ். இதில் ஏமாறாதவர்கள் குறைவு!

இப்போது முக்கியமான இடம். 'கூப்பிட்டார்களா?' என்று ஒரு நினைவுப் பெட்டி வைத்தோம். முதலில் அதில் 'இல்லை'. பிறகு 'லூப்' பாகத்தில், தமிழில் சொன்னால், இப்படி:

2-ஆம் பின்னைப் பார். 'லோ' என்றால் 50 மில்லி விநாடி பொறுத்து மறுபடி பார். அப்போதும் 'லோ'தான் என்றால், பெட்டியில் 'ஆம்' என்று வை.
3-ஆம் பின்னைப் பார். 'லோ' என்றால், பெட்டியில் 'இல்லை' என்று வை.
பெட்டியில் 'ஆம்' இருந்தால் விளக்கும் மணியும் விட்டு விட்டு அடிக்கட்டும். 'இல்லை' என்றால் இரண்டும் சும்மா இருக்கட்டும்.

கடை மணிக்கும் இதற்கும் வித்தியாசம் அந்தப் பெட்டிதான். கை எடுத்த பிறகும் கூப்பிட்டதை அது மறப்பதில்லை.

எழுதி அனுப்பினேன். மணி அடித்தது. 'வந்துட்டேன்' பொத்தானை அமுக்கினேன். நிற்கவில்லை! நாலு தரம் அமுக்கினால் ஒரு தரம் நிற்கிறது. ஒயரையெல்லாம் கழற்றிப் போட்டுப் பார்த்தேன், பிரயோஜனமில்லை. "தப்பு ஒயர்ல இல்லம்மா, 'டிலே'ல இருக்கு" என்றாள் பெண். ஒரு விநாடி அடி, ஒரு விநாடி பொறு என்று எழுதியிருந்தேன் அல்லவா? 'டிலே' என்று சொன்னால் அந்த நேரம் முழுக்கச் சில்லு கண்ணை மூடிக்கொண்டு நிற்கும். அந்தச் சமயத்தில் பொத்தானை அமுக்கினால் அதற்குத் தெரியாது. குக்கர் விசிலை எண்ணிக்கொண்டு கண்ணை மூடி நின்றால், பக்கத்து அடுப்பில் பால் பொங்கி வழிவது தெரியுமா?

நாம் என்ன செய்வோம்? குக்கர் வைத்த நேரத்தை நினைவில் வைத்துக்கொண்டு, பாலையும் பார்ப்போம், நடுநடுவே கடிகாரத்தையும் பார்ப்போம். அதையேதான் அதற்கும் சொல்ல வேண்டும். பலகைக்குள் 'மில்லிஸ்' என்று ஒரு கடிகாரம் உண்டு. கடைசியாக மணியை மாற்றிய நேரத்தைக் குறித்துக்கொள். ஒவ்வொரு சுற்றிலும் கடிகாரத்தைப் பார். 500 தாண்டியிருந்தால் அடிப்பதை நிறுத்து, நின்றிருந்தால் அடி. மற்ற நேரமெல்லாம் பொத்தானைக் கவனி. இப்படி மாற்றி எழுதியதும் தொட்ட மாத்திரத்தில் நின்றது. கீரை ஆய்ந்துகொண்டே குழந்தைக்கு வாய்ப்பாடு சொல்லிக் கொடுக்கிற நமக்கு, இந்தப் பாடத்தை ஓர் இயந்திரத்துக்குச் சொல்லிக் கொடுத்தது எனக்குப் பெருமையாகவே இருந்தது.

அறைக்கு அறை

பலகை எங்கள் அறை அலமாரியில். மூன்று இழை ஒயர் சுவரோரமாக அத்தையின் அறைக்கு: ஓர் இழை அழைக்கும் பொத்தானுக்கு, ஓர் இழை 'வந்துட்டேன்' பொத்தானுக்கு, மூன்றாவது இரண்டுக்கும் பொதுவான கிரவுண்ட். அங்கே குட்டிப் பொத்தானுக்குப் பதில் பெல் சுவிட்ச். கடையில் நாலைந்தை இடது கையால் அமுக்கிப் பார்த்து, இருப்பதிலேயே மிருதுவானதை எடுத்தேன். அழைக்கும் சுவிட்ச் ஒரு சின்ன மரக்கட்டையில், அத்தையின் இடது கைப்பக்கம். 'வந்துட்டேன்' சுவிட்ச் அவர்கள் கட்டிலின் தலைமாட்டுச் சுவரில். வேண்டுமென்றேதான் அங்கே வைத்தேன். என் படுக்கைக்குப் பக்கத்தில் வைத்தால், தூக்கக் கலக்கத்தில் அணைத்துவிட்டுத் திரும்பிப் படுத்துவிடுவேன். என்னை எனக்குத் தெரியாதா?

முறுக்கு ஒயர் பிரெட்போர்டில் நிற்காது. ஜம்பர் ஒயரோடு முறுக்கி, மேலே இன்சுலேஷன் டேப் சுற்றிவிட்டுச் செருகுங்கள்.

மறுநாள் காலை மிக்ஸி போட்டதும் மணி தானாக அடித்தது! நீள ஒயர், பக்கத்தில் ஓடும் மோட்டார்களின் இரைச்சலை வாங்கிவிடுமாம். பெண் சொன்னபடி, 5 வோல்ட்டுக்கும் 2-ஆம் பின்னுக்கும் இடையே அந்த 1000 ஓம் ரெசிஸ்டரைப் போட்டேன். சில்லின் மெல்லிய பிடியோடு இன்னொரு வலுவான பிடி. அதற்குப் பிறகு பொய் மணி இல்லை.

இதையும் கவனியுங்கள்

வீட்டுச் சுவரிலுள்ள 230 வோல்ட் கரண்டோடு இந்த ஒயர்களை எக்காரணம் கொண்டும் சேர்க்காதீர்கள். 5 வோல்ட் கடிக்காது, 230 ஆளைக் கொல்லும். பெல் சுவிட்சை ஏற்கெனவே வயரிங் இருக்கும் பெட்டியில் பொருத்தாமல் தனியே வையுங்கள்.

சின்னக் குழந்தைகள் உள்ள வீட்டில் கிட்டைப் பூட்டி வையுங்கள். கிட்டோடு வரும் சின்ன ரிமோட்டில் பொத்தான் மாதிரி தட்டையான பாட்டரி இருக்கும். குழந்தை அதை விழுங்கினால் தொண்டையில் சிக்கி, இரண்டே மணி நேரத்தில் உள்ளே புண்ணாக்கிவிடக்கூடும். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே, வாந்தி எடுக்க வைக்காமல், காத்திருக்காமல், உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

நிரல் எழுதி அனுப்பிய பிறகு லேப்டாப் வேண்டாம், செல்போன் சார்ஜரில் செருகினால் போதும். கரண்ட் போய் வந்தால் நிரல் மறக்காது. ஆனால் நினைவுப் பெட்டியில் வைத்த 'ஆம்' மறந்துபோகும். இன்வெர்ட்டர் இணைப்பில் செருகினால் நல்லது. சில பவர் பேங்குகள், இது இழுக்கும் கொஞ்சக் கரண்டை மதிக்காமல் தாமாக அணைந்துவிடும். எதற்கும் தம்ளரும் ஸ்பூனும் தலைமாட்டில் இருக்கட்டும். மருத்துவர் சொன்ன கவனிப்புக்கு இது மாற்றில்லை, ஒரு துணைதான்.

கடைசியில்...

எல்லாம் முடிந்து முதல் இரண்டு ராத்திரி மணி அடிக்கவே இல்லை. 'நன்றாகத் தூங்குகிறார்கள்' என்று சந்தோஷப்பட்டேன். மூன்றாம் நாள் காலை, அத்தையின் கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது, தூங்கவில்லை. "ஏன் அத்தை அமுக்கலை?"

"நாளெல்லாம் வேலை செய்யறே. ராத்திரியும் உன்னை எழுப்பணுமான்னு..." என்று இழுத்தார்கள்.

பதினைந்து நாள் ஒயரோடு போராடியதில் இதற்கு மட்டும் எந்த நிரலும் இல்லை என்று தெரிந்தது. யோசித்து ஒரு வழக்கம் வைத்தேன். "அத்தை, மெஷின் சரியா இருக்கான்னு தினம் பார்க்கணும். படுக்கறதுக்கு முன்னாடி நீங்க ஒரு தரம் அடிங்க. நான் வந்து அணைக்கறேன்" என்றேன். மெஷினைச் சோதிப்பது என்றதும் ஒப்புக்கொண்டார்கள். தினம் ஒன்பதரைக்கு மணி அடிக்கும், நான் போவேன், அணைப்பேன், போர்வையைச் சரி பண்ணுவேன், இரண்டு வார்த்தை பேசுவேன். எந்த ஒயராவது கழன்றிருந்தால் அப்போதே தெரிந்துவிடும். அத்தையின் கூச்சமும் அதிலேயே கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றது.

போன வாரம் ஒரு நாள் ராத்திரி இரண்டேகாலுக்கு மணி அடித்தது. சோதனை நேரமில்லை. விழுந்தடித்து ஓடினேன். "தண்ணி வேணும்" என்றார்கள். குடித்துவிட்டு, சிமிட்டி நின்ற விளக்கின் வெளிச்சம் கதவுப் பக்கம் தெரியவில்லையே என்று எட்டிப் பார்த்து, "நீ வர்றவரைக்கும் அடிச்சுதா அது?" என்று கேட்டார்கள்.

"ஆமாம் அத்தை. நிறுத்தவே இல்லை."

"சமத்துதான்" என்றார்கள். என்னையா, அதையா என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

உங்கள் வீட்டுப் பரணிலும் பிள்ளைகள் விட்டுப்போன கிட் ஏதாவது தூசியோடு இருக்கலாம். இறக்கிப் பாருங்கள். முதலில் ஒரு விளக்கைச் சிமிட்ட வையுங்கள், மற்றது தானாக வரும். அடுத்த இதழில் மழைக்காலத்துக்கு ஏற்ற கஷாயப் பொடிகளோடு சந்திக்கிறேன்.